பொட்டு வைக்க இடமில்லாத பெட்டி

கோயமுத்தூரிலிருந்து அந்தப் பெட்டி வந்து இறங்கிய அன்றே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. பெட்டி என்றால் கம்ப்யூட்டரின் வெளிக்கூடு. விற்கிறவர்கள் கேபினெட் என்பார்கள், ஊரில் மற்ற எல்லோரும் சி.பி.யு. என்பார்கள். நான் தென்காசியில் ஜெராக்ஸும் டைப்பிங்கும் வைத்திருக்கிறேன், பெயர் கிறிஸ்டி. பக்கத்துக் கடை முத்துசெல்வியுடையது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறாள். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவள் கடைக்கு வருகிற எதையும் அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன், அபிப்பிராயமும் சொல்லிவிடுவேன். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் எனக்குக் கிடையாது.

பெட்டியின் பெயர் 'அருவி'. முன்பக்கம் முழுக்கக் கறுப்புக் கம்பி வலை. வலைக்குப் பின்னால் வரிவரியாகச் சின்ன விளக்குகள். கரண்ட் கொடுத்தால் விளக்குகள் மேலிருந்து கீழே ஓடி, தண்ணீர் விழுகிற மாதிரி தெரிய வேண்டும். செல்வி ஸ்விட்சைப் போட்டாள். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறியது.

"ஏட்டி, அருவி மலைக்குத் திரும்பிப் போகுதுட்டி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பக்கக் கண்ணாடியைக் கழற்றி, ஒரு ஒயரைத் திருப்பிக் குத்தி, மறுபடி போட்டாள். இப்போது ஒழுங்காக விழுந்தது. உடனே நோட்டில் எழுதினாள்: 'இந்த ஒயர் தலைகீழாகவும் மாட்டுகிறது. மாட்ட முடியாதபடி செய்ய வேண்டும்.' எனக்குச் சிரிப்பு வருகிற இடத்தில் அவளுக்கு எழுத ஏதாவது இருக்கும்.

செல்விக்கு நாற்பத்தொரு வயது. வீரகேரளம்புதூர்க்காரி. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துத் தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தாள். வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அவளை எடுத்தார்கள். மெக்கானிக் சாப்பிடப் போகிற நேரத்தில் அவள் பெட்டிகளைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காமராஜைக் கட்டிக்கொண்டு, சொந்தமாக இந்தச் சின்னக் கடையைப் போட்டாள். காமராஜுக்குக் குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. சீசனில் வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டார். வந்தாலும் எண்ணெய் வாசம் அவருக்கு முன்னால் வந்து சேரும்.

செல்வியின் வேலையில் முக்கால்வாசி ஊதுவதுதான். கையில் ப்ளோயரை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் இலஞ்சி, குற்றாலம் என்று சுற்றி, பெட்டிகளைத் திறந்து தூசியை ஊதிவிட்டு வருவாள். ஊரில் அவள் பெயரே ப்ளோயர் செல்வி. இந்த வட்டாரத்துப் பெட்டிகளுக்குள் என்னென்ன குடியிருக்கிறது என்று அவளைக் கேட்டால் தெரியும். அரிசி மில் பெட்டியில் தவிடு. லாட்ஜ் பெட்டியில் மசாஜ் எண்ணெய்ப் பிசுக்கு. பல்லி முட்டை எல்லாப் பெட்டியிலும். அதனால் புதுப் பெட்டி எது வந்தாலும் அதன் இடுக்குகளில் முதலில் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். விரல் போனால் பல்லியும் போகும் என்பது அவள் கணக்கு.

இவ்வளவு தெரிந்திருந்தும் அவள் சொல்வதை ஒருத்தரும் கேட்பதில்லை. "சுவரை ஒட்டி வைக்காதீங்க, காத்து வெளிய போகணும்லா" என்று ஒரே ஆபீசில் பத்து வருஷமாகச் சொல்கிறாள். அங்கே பெட்டி இன்னும் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. கம்பெனி போர்டு மாட்டிய கடைக்காரர் வந்து அதையே சொன்னால் நகர்த்தி வைப்பார்கள்.

"விக்கிறவன் சொன்னா கேப்பாவ அக்கா. தூசி தட்டுதவ சொன்னா யாரு கேக்கா?" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சாதாரணமாகச் சொல்வதுபோல்தான் சொன்னாள். கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

அதனால்தான் அஹ்சன் அந்தப் பெட்டியோடு வந்தபோது அவளுக்கு அப்படி ஓர் ஆசை வந்தது. அஹ்சன் கடையநல்லூர்க்காரர், கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றின் விற்பனை ஆள். அடுத்த சீசனுக்கு விற்பனைக்கு வரப்போகிற மாடலை அதற்கு முன்னால் சில ஊர்களில் ஆட்களிடம் கொடுத்துப் புழங்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். அருவி என்று பெயர் வைத்துவிட்டுக் குற்றாலத்துப் பக்கம் கொடுக்காமல் எப்படி?

"மூணு மாசம் வச்சுப் பாருங்கக்கா. அழகு எப்படி, புழக்கம் எப்படி, ரெண்டையும் எழுதிக் குடுங்க" என்றார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "தென்காசி மாவட்டத்துக்கு டீலர் யாருன்னு இன்னும் முடிவாகல."

டீலர் என்றால் வாசலில் கம்பெனி போர்டு. போர்டு வைத்த கடைக்காரி சொன்னால் ஊர் கேட்கும். அன்றிலிருந்து செல்விக்கு அதே நினைப்புத்தான்.

முதலில் அழகு. விளக்குக்கு மூன்று நிறம் வைத்திருந்தார்கள்: நீலம், பச்சை, ரோஸ்.

"அருவி என்னைக்கு நீலமா விழுந்திருக்கு?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. சீசனில் குற்றாலத்தில் தண்ணீர் வெள்ளையாக விழும். மலையில் பெருமழை என்றால் மண் கரைந்து டீ நிறத்தில் விழும், அன்றைக்குப் போலீஸ் யாரையும் குளிக்க விடாது. நீலமாக விழுந்து நாங்கள் பார்த்ததில்லை. 'வெள்ளை வேண்டும்' என்று எழுதினாள். 'ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கவும்' என்று இன்னொரு வரி. அந்த வேகத்தில் விழுந்தால் கீழே ஒருத்தரும் தலையைக் கொடுக்க முடியாது. மற்றபடி பார்க்கப் பார்க்க அழகான பெட்டிதான். முதல் நாள் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது புழக்கம். ஆடி மாதம், நல்ல கூட்டம். உள்ளே மெஷினைப் பூட்டி, காமராஜ் கடையில் பில் போடுகிற மேஜையில் வைத்தாள். எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஆறடி தூரம். ஒன்பதே நாளில், வலைக்குப் பின்னால் இருந்த தூசி வடிகட்டி எண்ணெய்ப் புகையில் பிசினாகிவிட்டது. ஆனால் அந்த வடிகட்டி காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓர் இழுப்பில் கையோடு வந்தது, பாத்திரம் கழுவுகிற சோப்பில் பளிச்சென்று ஆனது.

"ஸ்க்ரூவே கழத்தாம வருதுக்கா. இதை யோசிச்சவன் நல்லா இருக்கணும்" என்றாள். அன்று நாள் முழுக்க முகம் அறியாத அந்த ஆளைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

பிறகு பெட்டி ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜுக்குப் போனது. அங்கே மேனேஜர் ஆனந்தவள்ளி அக்கா. இருபது வருஷமாக அந்த மேஜையில் இருக்கிறாள். மேஜைக்கு எதிரே கதவில்லாத பெரிய வாசல். சாரல் அடிக்கிற நாளில் ரிஜிஸ்டர் நோட்டு அப்பளம் மாதிரி நமத்துப்போகும். பெட்டியின் ஆன் பட்டன் மேலே இருந்ததால் அதன் குழியில் ஈரம் தங்கியது. இரண்டு வாரத்தில் பின்பக்க ஸ்க்ரூ நான்கும் துருப்பிடித்தன. செல்வி எல்லாவற்றையும் எழுதினாள். அழகுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நிஜ அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவர்கள், ரூம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த அருவியோடு செல்ஃபி எடுத்தார்கள்.

செல்விக்கு நம்பிக்கை வந்துவிட்டது. குறைகள் எல்லாம் சின்னக் குறைகள், திருத்திவிடக் கூடியவை. போர்டை வாசலில் எந்தப் பக்கம் மாட்டினால் ரோட்டிலிருந்து தெரியும் என்பதுவரை என்னோடு பேசிவிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

மறுநாள் விஜயதசமி காலையில் நான் செல்வி வீட்டில் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பூஜை இல்லை என்பதால் அவள் வீட்டுப் பொரியை நான் ஒரு வருஷமும் விடுவதில்லை. ஆனந்தவள்ளி அக்காவிடமிருந்து போன். அழுகிற குரல். செல்வியின் ஸ்கூட்டியில் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

லாட்ஜில் ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி மரியாதை. புதுப் பெட்டி, அழகுப் பெட்டி இல்லையா? முன்வலையில் மூன்று விரலால் அகலமாகத் திருநீற்றுப் பட்டை. அதன்மேல் சந்தனத்தை வழித்து வழித்து மூன்று இடத்தில் அப்பி, நடுவில் குங்குமம். மேலே காற்று வெளியேறுகிற இடத்தில் கதம்ப மாலை. ஆயுத பூஜை அன்று மெஷினை ஓட்டாமல் சாமிக்கு முன்னால் விட்டுவிட்டு, விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து ஆன் பண்ணி ரூம் எடுக்க வந்தவர்களில் முதல் பெயரை ஏற்றியிருக்கிறாள். இருபது நிமிஷத்தில் மெஷின் அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது.

"விஜயதசமி அன்னைக்கு முதல் பேரு ஏத்துதேன், அணைஞ்சு போச்சுட்டி. வருஷம் பூரா என்ன நடக்கப் போகுதோ. நான் என்ன குத்தம் பண்ணுனேன்?" என்றாள் ஆனந்தவள்ளி அக்கா.

வாசலில் இரண்டு வேன் ஆட்கள் ரூமுக்காக நின்றிருந்தார்கள். செல்வி குனிந்து பார்த்தாள். சந்தனம் காய்ந்து வலைக்கண்ணை அடைத்திருந்தது. திருநீறு உள்ளே இழுபட்டு வடிகட்டியில் படிந்திருந்தது. மேலே மாலை. காற்று உள்ளே போகவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் வேலை முடிந்தது. நான் மேஜையில் கிடந்த துணியை எடுத்து நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. முன்வலையை அப்படியே கழற்றினாள். அந்தப் பெட்டியில் அது தனியாகக் கழன்று வரும். பொட்டோடும் பட்டையோடும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்ச் சாமி படத்துக்குக் கீழே சாத்தி வைத்தாள். மாலையை எடுத்து அதற்குப் போட்டாள். பிறகு வந்து வடிகட்டியை இழுத்து வெளியே உதறினாள்.

"குத்தம் ஒண்ணும் இல்லக்கா. மூச்சு விட எடம் இல்லாம நின்னுச்சு, அவ்வளவுதான். பொட்டு அங்கன சாமிகிட்டயே இருக்கட்டும். இப்பப் போடுங்க."

மெஷின் ஓடியது. கோயிலுக்குள் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிற ஆம்பளை மாதிரி, முன்வலை இல்லாமல் ஓடியது. ஆனந்தவள்ளி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயரை ஏற்றினாள். எனக்கு அன்று செல்வியை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. வரும் வழியில் அவளிடமே சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அஹ்சன் வந்தார். செல்வி நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, இது யூசர் மிஸ்டேக். பெட்டியில குறை இல்ல. இதை மட்டும் எழுதாதீங்க" என்றார். "முன்னாடி முழுக்க வலைங்கதுதான் இந்த மாடலுக்கே அழகு. விளம்பரமே அதை வச்சுத்தான் போடப் போறாவ. அதுல கை வச்சா மேல உள்ளவங்களுக்குப் பிடிக்காது. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"எல்லாரும் ஒரே தப்பைப் பண்ணுதாவன்னா அது எப்படித் தம்பி யூசர் மிஸ்டேக்காகும்? வருஷத்துல ஒரு நாள் ஊர் பூரா பொட்டு வைக்கத்தான் செய்யும். பழைய பெட்டியில முன்னாடி தகரம் இருந்துச்சு, வச்சாவ. இதுல வைக்க எடமே இல்லியே."

"நான் ஒண்ணும் என் கடை சி.பி.யு.வுக்குப் பொட்டு வைக்கலியே" என்றேன் இடையில் புகுந்து.

"நீங்க ஏசு படம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கியளே, எங்கன ஒட்டியிருக்கிய?" என்று திருப்பிக் கேட்டாள் செல்வி.

முன்பக்கம், நட்டநடுவில். அஹ்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையநல்லூரில் அவருடைய மாமா முகம்மது சலீம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாராம். அந்தக் கடைப் பெட்டியிலும் அதே இடத்தில்தான் 786 ஒட்டியிருக்கிறது என்றார். ஆனால் கிளம்பும்போது, "எழுதாதீங்கக்கா" என்று மறுபடியும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கம்பெனிக்கு ரிப்போர்ட் இங்கிலீஷில் வேண்டும். செல்வி தமிழில் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். மொத்தம் பதினொரு குறிப்பு. ஏழாவது வந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

"இதை விட்டுருட்டி. மத்தது பத்து இருக்குல்லா. போர்டு வந்த பொறவு மெதுவாச் சொல்லிக்கிடலாம்."

அவளுக்கும் ஆசைதான், எனக்குத் தெரியும்.

"போர்டு வந்த பொறவு நான்லாக்கா விக்கணும். வாங்குனவ வீட்டுல விஜயதசமி அன்னைக்கு அணைஞ்சுதுன்னா நான் என்ன சொல்லுவேன், உங்க தப்புன்னா? நீங்க அடிங்க."

அடித்தேன். கோபத்தோடு அடித்தேன், அதுதான் வினையாகப் போயிற்று. பொட்டுக்கு இங்கிலீஷில் என்ன என்று யோசிக்கப் பொறுமை இல்லாமல் 'டாட்' என்று தட்டிவிட்டேன். பெட்டியின் முன்பக்கம் டாட் வைக்க இடம் இல்லை என்று ரிப்போர்ட் கோயமுத்தூருக்குப் போனது.

ஒரு மாதம் பேச்சுமூச்சு இல்லை. ஐப்பசி முடிகிற சமயத்தில் அஹ்சன் வந்து, டீலர்ஷிப் திருநெல்வேலியில் ஒரு பெரிய கடைக்குப் போய்விட்டது, தென்காசி மாவட்டமும் அதில் சேர்த்தி என்று சொன்னார். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மட்டில் நல்ல மனிதர்.

"சரி தம்பி" என்று செல்வி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ப்ளோயர் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. எட்டிப் பார்த்தேன். மேஜையில் பெட்டி எதுவும் இல்லை. ப்ளோயரைச் சும்மா ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எழுதாதன்னு சொன்னேன்லா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அஹ்சனுக்கு இருந்த இங்கிதம் எனக்கு இல்லை.

"எழுதுனதுக்கு அழலக்கா. எழுதியும் யாரும் கேக்கலியேன்னுதான்" என்றாள்.

கார்த்திகை முதல் வாரம் கோயமுத்தூரிலிருந்து ஒரு போன். பெட்டியை வடிவமைக்கிற இன்ஜினியர், பெயர் கிங்ஸ்லி. செல்வி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், உங்க ரிப்போர்ட்டுல பத்துப் பாயிண்ட் புரிஞ்சுதுங்க. ஒயரு, ஸ்க்ரூ, வெள்ளை லைட்டு எல்லாம் மாத்தியாச்சு. ஏழாவதுதான் புரியலைங்க. டாட் வைக்க இடமில்லைன்னா என்னங்க? லைட்டுல புள்ளியா, கம்பெனி லோகோவா? ஒரு மாசமா நாலு பேரு உக்காந்து மண்டையை உடைச்சுக்கறோம்."

செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கேட்கவில்லை என்று அவள் அழுதாளே, அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். குறுக்கே நின்றது நான்.

"டாட் இல்ல சார், பொட்டு. நான்தான் தப்பா அடிச்சிட்டேன்" என்றேன் பலகைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே.

கிங்ஸ்லி யாரிடமோ, "ஏங்க, அது பொட்டுங்க" என்றது கேட்டது. பின்னாலிருந்து இன்னொரு குரல், "நம்ம ஆபீஸ் சர்வருக்கே வச்சிருக்கோமேய்யா" என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். கிங்ஸ்லி போனுக்குத் திரும்பி வந்தபோது விளையாட்டுக் குரல் போயிருந்தது.

"எவ்வளவு இடம் வேணுங்க மேடம்?"

"அளந்து சொல்லுதேன் சார்."

ஆனந்தவள்ளி அக்கா அந்த முன்வலையைச் சாமி படத்துக்குக் கீழேயே வைத்திருந்தாள், தினமும் பூ வேறு. செல்வி ஸ்கேல் வைத்து அளந்து படம் எடுத்தாள். என் கடை ஸ்டிக்கரை அளந்தாள். அஹ்சனைக் கூட்டிக்கொண்டு கடையநல்லூர் போய் முகம்மது சலீம் கடையில் அந்த 786-ஐயும் அளந்தாள். மூன்றுக்கும் சேர்த்து அறுபது மில்லிமீட்டர் உயரம் போதும் என்று எழுதி அனுப்பினாள். இந்த முறை டைப் அடிக்க என்னைக் கூப்பிடவில்லை, தமிழிலேயே எழுதினாள்.

பத்து நாளில் கூரியரில் ஒரு பெரிய தாள் வந்தது. பெட்டியின் முன்பக்கம், முழு அளவில் வரைந்தது. வலைக்கு நடுவே குறுக்காக ஒரு வழவழப்பான பட்டை, துளையே இல்லாதது. அதில் குறைகிற காற்றுக்கு ஈடாக இரண்டு ஓரத்திலும் வலையை அகலமாக்கியிருந்தார்கள். பட்டைக்கு ஓர் அம்புக்குறி போட்டு, இங்கிலீஷ் எழுத்தில் 'பொட்டு, 40 மி.மீ.' என்று எழுதியிருந்தது.

கூடவே ஒரு கடிதம். இனிமேல் கம்பெனியின் எந்த மாடலும் தயாரிப்புக்குப் போகுமுன் தென்காசிக்கு வரும், மாதச் சம்பளத்தில் அதைப் புழங்கிப் பார்த்துச் சொல்லச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். சம்மதம் என்றால் முதல் கையெழுத்தை இந்தத் தாளிலேயே போடச் சொல்லியிருந்தார்கள். தாளின் மூலையில் மூன்று கட்டம். வரைந்தவர் கையெழுத்துப் போட்டிருந்தார், சரிபார்த்தவர் போட்டிருந்தார். 'புழங்கிப் பார்த்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதன் கீழே கா. முத்துசெல்வி, தென்காசி என்று அச்சடித்திருந்தது.

கடிதத்தை நான் இரண்டு தரம் சத்தமாக வாசித்தேன். செல்வி பேனாவை எடுத்தாள்.

"போடுட்டி" என்றேன்.

அவள் போடவில்லை. தாளை மேஜையில் விரித்து, மூன்று விரலைச் சேர்த்து அந்தப் பட்டைமேல் வைத்துப் பார்த்தாள். விரல் பட்டைக்கு மேலேயும் கீழேயும் வெளியே நின்றது. கிங்ஸ்லிக்குப் போன் போட்டாள்.

"சார், நாப்பது பத்தாது. பாக்க அழகா இருக்குன்னு குறைச்சிருக்கிய. திருநீறு மூணு விரல்லதான் பூசுவாவ, அது வலை மேலதான் போய் விழும். அறுபது வேணும்."

அந்தப் பக்கம் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது.

"சரிங்க மேடம்" என்றார் கிங்ஸ்லி. "அறுபதே வச்சிடறோம். நீங்க அந்தத் தாள்லயே திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

செல்வி நாற்பதை அடித்து, பக்கத்தில் அறுபது என்று எழுதினாள். பிறகு மூலையில் இருந்த கட்டத்தில், எழுத்துக்கு எழுத்து நிதானமாகத் தன் முழுப்பெயரையும் தமிழில் போட்டாள்.